கல்லூரி ஃபுட்பால் டிவி ஒப்பந்தம்: தொகையைப் பார்ப்பதா, முடியும் ஆண்டைப் பார்ப்பதா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒளிபரப்பு உரிமையை விற்பது கான்ஃபரன்ஸ், அதாவது பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. (ஃபுட்பால் என்றால் இங்கே அமெரிக்க ஃபுட்பால், நம் கால்பந்து அல்ல.) பணம் உறுப்புப் பல்கலைக்கழகங்களுக்குப் பிரியும். செய்திகளில் மொத்தத் தொகைதான் பெரிதாக வரும். ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, ஓர் உறுப்பினர் விலகினால் உரிமை யாரிடம் நிற்கும் என்ற இரண்டையும் அதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ் 2022 ஆகஸ்டில் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் பேசி முடித்தது. சனிக்கிழமை மதியம் ஃபாக்ஸ், பிற்பகல் சிபிஎஸ், இரவு என்பிசி என்று மூன்று டிவி நிறுவனங்களுக்கு நேரவாரியாகப் பிரித்து விற்றதால் மூவருமே விலையை ஏற்ற வேண்டியிருந்தது. 2030-ல் மறுபடி சந்தைக்கு வரலாம்.

ஏசிசி என்ற கான்ஃபரன்ஸ் இதற்கு நேர் எதிர். 2016-ல் ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுச் சேனல் ஒன்றிடமே 2036 வரை கொடுத்துவிட்டது. சொந்தச் சேனல் கிடைத்தது, ஆனால் சந்தை ஏறியபோது விலை ஏறவில்லை. ஏற்றம் எவ்வளவு என்பதற்கு எஸ்இசி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸைப் பாருங்கள்: அதன் முதன்மை ஆட்டங்களுக்கு சிபிஎஸ் ஆண்டுக்கு 5.5 கோடி டாலர் கொடுத்துவந்தது. 2024 முதல் அதே ஆட்டங்களுக்கு ஈஎஸ்பிஎன் தருவது சுமார் 30 கோடி. ஏசிசி பூட்டிக்கொண்டது இந்த ஏற்றத்துக்கு வெளியே. ஓர் அணி விலகினாலும் அதன் சொந்த மைதான ஆட்டங்களின் உரிமை ஏசிசியிடமே இருக்கும் என்பது அப்போதைய ஷரத்து. அதன் உறுப்பினர்களான ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குக்குப் போனது இதனால்தான். 2025 மார்ச் சமரசத்தின்படி டிவி பணத்தில் சுமார் 60 சதவீதம் பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பிரியும். விலகல் கட்டணம் 2030-31-ல் 7.5 கோடி டாலருக்கு இறங்கும்; போகிறவர் உரிமையையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

பாக்-12, பிக் 12 என்ற இரண்டு கான்ஃபரன்ஸ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேரத்தின் மதிப்பு தெரியும். பிக் 12-ல் இருந்த டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போவதாக 2021-ல் அறிவித்த பிறகு பலவீனமாகத் தெரிந்தது பிக் 12தான். பாக்-12 ஒப்பந்தம் பிக் 12 ஒப்பந்தத்துக்கு ஓர் ஆண்டு முன்பே முடியவிருந்தும், பிக் 12 முந்திக்கொண்டு 2022 அக்டோபரில் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸுடன் ஆறு ஆண்டுக்கு 228 கோடி டாலருக்கு முடித்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3.17 கோடி. அதற்குமேல் கிடைக்கும் என்று பாக்-12 காத்திருந்தது. அதன் உறுப்பினர்களான யுஎஸ்சி, யுசிஎல்ஏ இரண்டும் பிக் டென்னுக்குப் போக முடிவெடுத்துவிட்டதால் லாஸ் ஏஞ்சலஸ் சந்தையே கையில் இல்லை. பெரிய சேனல்களின் பட்ஜெட்டும் வேறு பக்கம் போயிருந்தது. 2023 ஆகஸ்டில் மேசைக்கு வந்தது ஆப்பிளின் இணையச் சந்தா ஒளிபரப்புத் திட்டம்: ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு உறுதித்தொகை சுமார் 2.3 கோடி, சந்தாதாரர் கூடினால் கூடுதல் பணம்.

ஒரு பல்கலைக்கழக விளையாட்டுத் துறையால் சந்தா கணிப்பை வைத்துப் பயிற்சியாளர் சம்பளத்தை ஒப்புக்கொள்ள முடியாது. தவிர, வழக்கமான டிவியில் ஆட்டம் வராவிட்டால் தற்செயலாகப் பார்க்கிறவர்களை இழக்கிறோம். அடுத்த பேரத்தில் விலை அங்கேதான் அடிபடும். பாக்-12-ன் ஓரிகனும் வாஷிங்டனும் அந்த வாரமே பிக் டென்னுக்குப் போயின. புதியவர்கள் என்பதால் பாதிப் பங்குதான், சுமார் 3 கோடி. அதுவே ஆப்பிளின் உறுதித்தொகையைவிட அதிகம்.