பேசிக்கிட்டே பாடுற ராக்: 'ஹார்ஸஸ்'ஆ, 'ஸ்பைடர்லேண்ட்'ஆ?

ராக் பாட்டு நடுவுல ஒருத்தர் சும்மா பேசிட்டே போனா எனக்கு முன்னாடியெல்லாம் எரிச்சல்தான் வரும், பாட வரலன்னா விட்டுட வேண்டியதுதானேன்னு தோணும். அந்த நெனப்ப மாத்துனது ரெண்டு ஆல்பம், ஆனா ரெண்டும் ஒன்னுக்கொன்னு நேர் எதிர்.

'ஹார்ஸஸ்' 1975ல வந்தது, பாட்டி ஸ்மித்தோட முதல் ஆல்பம் (பேருதான் பாட்டி, அப்போ வயசு 28). அவங்க மொதல்ல கவிஞர், 1971ல நியூயார்க் செயின்ட் மார்க்ஸ் சர்ச்ல கவிதை வாசிச்சப்பவே பக்கத்துல லென்னி கேய் கிட்டார் வாசிச்சுட்டு இருந்தாரு. அதனால அவங்களுக்குப் பேச்சுதான் பொறந்த வீடு, பாட்டுக்கு அப்புறமா வாக்கப்பட்டு போனாங்கன்னு வச்சுக்கலாம். இதுல 'பேர்ட்லேண்ட்'னு ஒரு பாட்டு 9 நிமிஷத்துக்கு மேல ஓடும், அப்பாவ அடக்கம் பண்ணிட்டு தனியா நிக்கிற ஒரு பையன், அப்பா விண்கலத்துல திரும்பி வர்றதா நெனச்சு ஏங்குறான், ரிச்சர்ட் சோல் பியானோவ மெல்ல தட்டிட்டே இருக்க இவங்க கதை சொல்ற மாதிரி ஆரம்பிச்சு ஏத்திக்கிட்டே போவாங்க, எந்த வரில பேச்சு பாட்டாச்சுன்னு நானும் எத்தனையோ தடவ ரீவைண்ட் பண்ணி பாத்துட்டேன், பிடிபடல.

'ஸ்பைடர்லேண்ட்' 1991. அமெரிக்காவுல லூயிவில் ஊரு பசங்க, ஸ்லின்ட்னு பேண்ட், ரெக்கார்ட் பண்ணப்ப எல்லாருக்கும் 20 வயசு சுமாரு, ஆல்பம் கடைக்கு வர்றதுக்குள்ள பேண்டே கலைஞ்சு போச்சு! மொத்தம் 6 டிராக், 40 நிமிஷம் கூட வராது. இங்க பேச்சு மேடைப்பேச்சு இல்ல, கூச்சம். பாடகர் பிரையன் மக்மஹான் குரல கிட்டாருக்கு அடியில புதைச்சு வச்சிருக்காங்க, ஸ்பீக்கர்ல கேட்டா பாதி காணாம போயிடும், ஹெட்ஃபோன் கட்டாயம். 'டான், அமன்'ல டிரம்ஸே கிடையாது, டிரம்மர் பிரிட் வால்ஃபோர்ட்தான் பேசுறாரு. ஒழுங்கா பாடுறதுன்னா 'வாஷர்' ஒன்னுதான். கடைசி பாட்டு 'குட் மார்னிங், கேப்டன்', கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்குன ஒருத்தன் ஒரு வீட்டுக் கதவத் தட்டுறான், ஏழு நிமிஷம் முணுமுணுன்னு போயிட்டு முடியப்போற நேரத்துல மூணே வார்த்தைய மக்மஹான் தொண்டை கிழிய கத்துவாரு பாருங்க, அந்த ஒரு கத்தலுக்காகத்தான் அதுவரைக்கும் வாய மூடிட்டு இருந்தாங்களோன்னு இருக்கும்.

2021ல வந்த, டிரை க்ளீனிங்னு ஒரு பேண்டோட 'நியூ லாங் லெக்' ஆல்பத்தையும் இந்த லிஸ்ட்ல சேப்பாங்க. அந்த பேண்டோட குரலான ஃப்ளோரன்ஸ் ஷா வரிகள் செம நக்கல்தான், ஆனா கிட்டத்தட்ட முழுக்கவே ஒரே தட்டையான பேச்சு, நாலு பாட்டுக்கு மேல எனக்கு தாங்கல.

வரி வரியா கேட்டு ரசிக்கிறவங்களுக்கு 'ஹார்ஸஸ்'தான், சந்தேகமே வேணாம். என் ஓட்டு என்னமோ 'ஸ்பைடர்லேண்ட்'டுக்கு, ஆனா பஸ்ல போட்டுடாதீங்க, எஞ்சின் சத்தத்துல கடைசி கத்தல் மட்டும்தான் கேக்கும்.