வின்ட்ரஷ் இழப்பீட்டுத் திட்டம்: பணம் உண்டு, பாதைதான் கரடுமுரடு

வின்ட்ரஷ் என்பது 1948இல் கரீபியர்களைப் பிரிட்டனுக்கு ஏற்றிவந்த கப்பலின் பெயர். சட்டப்படி குடியிருந்தும் ஆவணம் இல்லாததால் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பிரிட்டன் உள்துறை 2019 ஏப்ரலில் திறந்த இந்தத் திட்டத்தை ஒரு சேவையாக எடைபோட்டால் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அந்த இரண்டும் தொகைக்கு. மூன்றைக் குறைத்தது, கேட்கிற சான்றுகளுக்காக.

1973 ஜனவரி 1க்கு முன் காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் தங்கும் உரிமையைக் கொடுத்தது. அதற்கு ஒரு காகிதம் கொடுக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பெரிதாக யாரும் கேட்கவுமில்லை. 2014, 2016 குடிவரவுச் சட்டங்கள் வந்ததும் முதலாளி, வீட்டுக்காரர், வங்கி எல்லோரும் அந்தக் காகிதத்தைக் கேட்டார்கள். கரீபியனிலிருந்து பெற்றோர் கைபிடித்து வந்தவர்கள் முதுமையில் வேலையும் வீடும் சிகிச்சையும் இழந்தார்கள். குறைந்தது 83 பேர் நாட்டைவிட்டே தவறாக வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டியிருக்கக்கூடிய பழைய இறங்கு அட்டைகளை 2010இல் உள்துறையே அழித்திருந்தது. அதே துறைதான் இன்று ‘ஆதாரம் எங்கே’ என்கிறது.

பெயரைப் பார்த்து இது கரீபியர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1973க்கு முன் குடியேறிய இலங்கை, இந்திய, மலேசியத் தமிழருக்கும் பொருந்தும். 1988 டிசம்பர் 31க்குள் வந்து நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றிருந்தால் எந்த நாட்டவரும் கேட்கலாம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நெருங்கிய உறவினர், இறந்தவரின் வாரிசுகளுக்கும் நிபந்தனைகளோடு இடமுண்டு. ஆனால் உரிமையை நிரூபிக்க முடியாததால் ஏதாவது இழந்திருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: ஆவணம் வழங்கும் வின்ட்ரஷ் திட்டம் வேறு, இழப்பீட்டுத் திட்டம் வேறு. முதலாவது முடிந்ததும் பணம் தானாக வராது. தனிப் படிவம் போட வேண்டும். 2021இல் அது 44 பக்கமாக வளர்ந்தது.

தொகையில் முக்கியமானது ‘வாழ்க்கைப் பாதிப்பு’ என்ற தலைப்பு. தொடக்கத்தில் 250 பவுண்டிலிருந்து 10,000 பவுண்ட் வரை என்று இருந்ததை 2020 டிசம்பரில் 10,000 முதல் 100,000 வரை உயர்த்தினார்கள். விதிவிலக்காக அதற்கு மேலும் உண்டு. பாதிப்பு உறுதியானால் மற்றக் கணக்குகள் முடியும்முன்பே அந்த முதல் 10,000 கைக்கு வரும். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

சிக்குவது வேலை இழப்புக் கணக்கில். சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்புறுதித் தொகையின் பதிவு, சம்பளம் எந்த ஆண்டு நின்றது என்று காட்டும். ஏன் நின்றது என்று காட்டாது. அந்த ‘ஏன்’ இல்லாமல்தான் விண்ணப்பங்கள் திரும்புகின்றன. நீக்கக் கடிதம், வேலை மறுத்த மின்னஞ்சல், உடன் வேலை பார்த்தவரின் எழுத்து வாக்குமூலம், அந்தக் காலத்து மருத்துவர் குறிப்பு என்று கிடைப்பதையெல்லாம் ஆண்டுவாரியாக அடுக்கி அனுப்புங்கள். படிவம் நிரப்ப இலவச உதவி உண்டு, ஆனால் அது சட்ட ஆலோசனை ஆகாது. அரசுச் சட்ட உதவி நிதியும் கிடையாது. அந்த ஓட்டையில்தான் சதவீதம் கேட்கும் முகவர்கள் நுழைகிறார்கள்.

முடிவு பிடிக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். முதல் சுற்று உள்துறைக்குள்ளேயே நடக்கும். இரண்டாவது வெளியே உள்ள தீர்ப்பாளரிடம் போகும். அவரும் பரிந்துரைதான் செய்யலாம்.

இப்படித்தான் செய்தாக வேண்டும் என்றில்லை. இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைத்த ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு அமெரிக்கா 1988இல் இயற்றிய சட்டம், உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் ஒரே தொகையாக 20,000 டாலர் என்றது. யார் அதிகம் துன்பப்பட்டார் என்று அளக்கவில்லை. ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அரசின் தலையிலேயே, அதன் பதிவேடுகளைக் கொண்டே செய்யும்படி வைத்தது. 82,000க்கும் மேற்பட்டோர் பெற்றார்கள். அதிலும் குறையுண்டு: பெரு போன்ற நாடுகளிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியர்களை விட்டுவிட்டு, 1998இல்தான் வழக்குச் சமரசத்தில் தலைக்கு 5,000 டாலர் கொடுத்தார்கள்.

வின்ட்ரஷ் திட்டத்தை உள்துறையின் கையிலிருந்து எடுத்துத் தனி அமைப்பிடம் கொடுங்கள் என்று 2021 நவம்பரில் நாடாளுமன்றக் குழு சொன்னது. அரசு கேட்கவில்லை. பணத்தைப் பார்க்காமலே அப்போதே 23 பேர் இறந்திருந்தார்கள்.

விண்ணப்பிக்க இப்போது கடைசித் தேதி இல்லை. ஆனால் விண்ணப்பித்தவர் இடையில் இறந்தால் வாரிசு புரோபேட் (உயிலை உறுதிசெய்யும் ஆணை) போன்ற நீதிமன்ற ஆவணத்தோடு வர வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் இழுக்கும். வயதானவர் பெயரில் படிவம் போடும் அன்றே அவருடைய உயிலையும் எழுதி வைத்துவிடுங்கள்.