உருகிய உப்பில் உருவான நானோ சிலிக்கான் தூள்: பயன்படுத்திப் பார்த்தபின்

லித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்மின்வாய்க்காக எங்கள் ஆய்வகம் வாங்கிய நானோ சிலிக்கான் தூளைப் பற்றி, அதே பொருளை வாங்க எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன். இது சிலேன் (சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்) வாயுவிலிருந்து பெற்றதன்று. சுமார் 850 டிகிரி செல்சியசில் உருகியிருக்கும் கால்சியம் குளோரைடு உப்பில் சிலிக்காவை (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம்) வைத்து மின்னாற்பகுத்து, அதிலிருந்து ஆக்சிஜனை அகற்றிச் செய்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் நோஹிராவும் அவருடைய குழுவினரும் திண்ம சிலிக்காவை இப்படி நேரடியாகச் சிலிக்கானாக மாற்றும் முறையை 2003இல் வெளியிட்டனர். சிலிக்கானின் உருகுநிலை 1414 டிகிரி ஆதலால் அது திண்மமாகவே நின்று, ஆக்சிஜன் விட்டுச்சென்ற வெற்றிடங்களோடு உருவாகிறது.

அந்த வெற்றிடங்களுக்காகத்தான் இதை வாங்கினோம். கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டத்தைத் தேக்கும் இடத்தில் சிலிக்கான் ஏறத்தாழ 3,579 வரை தேக்க வல்லது. ஆனால் லித்தியத்தை முழுதும் ஏற்கையில் அதன் பருமன் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிடுவதால், பெரிய துகள்கள் வெடித்து நொறுங்குகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இத்தூள், மெல்லிய இழைகளும் மணிகளும் பின்னிய பஞ்சுபோல, வீங்குவதற்கு இடம் வைத்திருந்தது. மின்கலத்திலும், முன்பு பயன்படுத்திய அரைத்த தூளைவிட இதன் கொள்ளளவு மெதுவாகவே குறைந்தது. அமைப்பைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு.

குறை, தயாரிப்பின்போது ஒட்டிய உப்பை நீக்கும் கழுவலில் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்துச் சிறிது நேரத்திலேயே தூள் ஈரம் கோத்துக் கட்டிபட்டது. கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட்டை விட்டபோது குளோரைடு இருப்பதைக் காட்டும் வெண்ணிற வீழ்படிவு திரண்டது. எஞ்சிய கால்சியம் குளோரைடே காற்றின் ஈரத்தை இழுத்திருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் பின்னர் காய்ச்சி வடித்த நீரிலும் பலமுறை கழுவி, வெற்றிடத்தில் உலர்த்திய பிறகுதான் இத்தூளைச் சேர்த்த பசைக் கலவை, மின்வாயின் செப்புத் தகட்டில் சீராகப் பரவியது. ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் துகளின் மேல் ஆக்சைடு படலம் தடிக்கிறது. அப்படலம் முதல் மின்னேற்றத்தில் விழுங்கும் லித்தியம் திரும்பக் கிடைப்பதில்லை. இவ்வளவு நுண்ணிய பரப்புடைய பொருளில் இது சிறிய இழப்பன்று. தூய்மைச் சான்றிதழில் உலோக மாசுகள் மட்டுமே இருந்தன. கேட்டபின் குளோரைடு அளவை அனுப்பினர், ஆக்சிஜன் அளவு வரவில்லை.

கழுவி உலர்த்தும் வசதியுள்ள ஆய்வகங்கள் தயங்காமல் வாங்கலாம். பிரித்தவுடன் எடைபோட்டுக் கலக்க நினைப்போர், குளோரைடு, ஆக்சிஜன் ஆகிய இரண்டு அளவுகளையும் எழுத்தில் பெற்றபின், ஆர்கான் நிரப்பி அடைத்த சிறு பொட்டலங்களாகக் கேட்டு வாங்குவது நல்லது.