எச்.ஓ இன்ஜினுக்கு எந்த ஸ்பீக்கர்: ஓவலா, சுகர் க்யூபா, டேபிளுக்கு அடியிலயா?

போன மாசம் என் எச்.ஓ (1:87 அளவு மாடல் ரயில்) ஆல்கோ சி-424 டீசல் வண்டிக்கு ஸ்பீக்கர் மாத்தினேன். அமெரிக்க இன்ஜின்தான், ஆனா நிஜ வண்டியோட 16 சிலிண்டர் 251 டீசல் இயந்திரம் நம்ம ரயில்வேயோட டபிள்யூடிஎம்-2 இன்ஜின்ல இருந்த அதே குடும்பம், ஈரோடு ஷெட் பக்கம் வளந்த எனக்கு அந்த ஐடிலிங் (வண்டி நின்னுட்டு இருக்கறப்ப வர்ற) சத்தம் சரியா வரலன்னா வண்டி ஓட்டவே தோணாது. சத்தத்த உண்டாக்குற டிகோடர் போர்டு லோக்சவுண்ட் 5, அதுல குறையே இல்ல. 1:87 பாடிக்குள்ள எந்த ஸ்பீக்கர் வைக்கிறதுங்கறதுதான் கேள்வி.

முன்னாடி இருந்தது 16க்கு 35 எம்எம் ஓவல் ஸ்பீக்கர். ஹாரன் அதுல பிரமாதமா கேக்கும், அத வச்சு முடிவு பண்ணிடாதீங்க, ஹாரன் எந்த ஸ்பீக்கர்லயும் வந்துரும். ஐடிலிங் போட்டுக் கேட்டாத்தான் குட்டு வெளிப்படும். ஓவலுக்குப் பின்னாடி சத்தப் பெட்டி மாட்டினா ஹூட் (வண்டியோட மேல்மூடி) மூடல, அதனால பெட்டி இல்லாமலே ஓட்டிட்டு இருந்தேன், வெறும் கரகரப்புதான்.

டேபிளுக்கு அடியில 4 இன்ச் ஸ்பீக்கரும் போட்டுப் பாத்தேன். பேஸ் கேட்டா மனசு நெறஞ்சுரும், அத மறுக்க முடியாது. ஆனா வண்டி அந்தக் கோடிக்குப் போயிருச்சு, சத்தம் மட்டும் இங்கயே நிக்குது. ரெண்டு வாரம்தான் வச்சிருந்தேன், அதுவும் ஒரே வண்டி. சின்ன ஷெல்ஃப் லேஅவுட்டா இருந்தா இது சரியா வரலாம்.

கடைசியா நின்னது சுகர் க்யூப். 11க்கு 15 எம்எம், செல்போன்ல இருந்து வந்த டிசைன், விலையும் கம்மி, ஹூட்டுக்குள்ள இடமும் பத்துது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். உண்மையான விஷயம் பின்னாடி மாட்டுற பெட்டியிலதான் இருக்கு. ஸ்பீக்கர் முன்னாடி காத்தத் தள்ளுறப்ப பின்பக்கம் அதே காத்த இழுக்குது, ரெண்டும் சந்திச்சா ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும், அதுவும் கீழ்ஸ்தாயி சத்தம்தான் மொதல்ல காணாமப் போகும். ஐடிலிங்கோட உயிரே அங்கதான்.

டேபிள் மேல வெறும் ஸ்பீக்கர வச்சு ஐடிலிங் போட்டேன், கொசு கத்துற மாதிரி இருந்துச்சு. அப்படியே பெட்டி மேல வச்சு விரலால லேசா அமுக்கினேன், டக்குனு சத்தம் கனமாயிருச்சு, வால்யூமத் தொடவே இல்ல. விரல எடுத்தா திரும்பவும் கொசு. அப்புறம் ஃபெவிகால் வச்சு ஒட்டினா அந்தக் கனம் முழுசா வரல. ஒரு மணி நேரம் தேடினதுல, ஒயர் வெளிய வர்ற ஓட்டைல ஊசிமுனை அளவு இடைவெளி. அங்கயும் ஒரு சொட்டு வச்சு ராத்திரி பூரா காய விட்டேன், காலைல சரியாயிருச்சு. ரெடிமேடா பெட்டியோட வர்றதையும் நம்பி மாட்டாதீங்க, எனக்கு வந்த ஒண்ணுல அடிமூடி ஒரு பக்கம் ஒட்டாமலே இருந்துச்சு.

பெட்டி நேரா பாடியத் தொட்டா பிளாஸ்டிக் அதிரும், நடுவுல ஃபோம் டேப் போடுங்க. ரெண்டு க்யூப் வைக்கிறதா இருந்தா ஓம் கணக்கு பாருங்க: 8 ஓம் ரெண்ட பேரலல்ல போட்டா 4 ஓம், லோக்சவுண்ட் 5 தாங்கும், 8 ஓமுக்குக் கொறையக் கூடாதுன்னு போட்டிருக்கற டிகோடர்ல அப்படிப் போடாதீங்க. டிகோடர்ல ஈக்வலைசர் இருந்தா பேஸ ஏத்தாம எறக்கிப் பாருங்க, இத்தனூண்டு ஸ்பீக்கரால அந்த அடி பேஸ் எப்படியும் வராது, சும்மா திணறும், எறக்கினா மத்ததெல்லாம் தெளியும்.

என் சி-424ல இப்ப ஒரே க்யூப்தான். டிகோடரோட மொத்த வால்யூம் செட்டிங்கான சிவி 63ல 192 வரைக்கும் ஏத்தலாம், நான் 80ல வச்சிருக்கேன். கிட்டப் போனா தக் தக்னு கேக்குது, ரெண்டு அடி தள்ளி நின்னா யார்டுல தூரமா நிக்கிற வண்டி மாதிரி இருக்கு. எச்.ஓவ விடச் சின்னதான ‘N’ ஸ்கேல்ல நான் கை வச்சதில்ல, அந்த ஹூட்டுல இதே பெட்டி நுழையுமான்னு அளந்து பாத்துட்டு வாங்குங்க.