ஒப்பினலா, விக்டோரினாக்ஸா?

தினமும் உடன் வரவேண்டிய மடக்குக் கத்தி என்றால் என் ஓட்டு சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் கிளாசிக்குக்குத்தான். மடக்கினால் 58 மி.மீ.; சாவிக்கொத்தில் தொங்குவதே தெரியாது. அலகு சுண்டுவிரலைவிடச் சிறியது. உறை பிரிக்க, நூல் நறுக்கப் போதும். ஆப்பிளைப் பிளக்கத் திணறும். ஆனால் கத்தியைவிட அதிலுள்ள கத்தரிக்கோலைத்தான் நான் அதிகம் எடுக்கிறேன். குறை ஒன்று உண்டு: அலகுக்குப் பூட்டு இல்லை. முனையால் குத்தி அழுத்தினால் விரல்மீதே மடங்கிவிடும்.

பிரெஞ்சு நிறுவனமான ஒப்பினலின் எண் 8 வேறு ரகம். 8.5 செ.மீ. அலகு, மரப்பிடி. பிடியின் கழுத்தில் பூட்டாக 1955இல் வந்த உலோக வளையத்தைத் திருகினால் அலகு அசையாது. மெல்லிய அலகு பழத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும் சுகமே தனி. மழையில் நனைந்தால்தான் வம்பு. மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். நகம் பெயர்ந்துவிடுமோ என்று பயந்தபடி இழுக்க வேண்டியிருக்கும். கார்பன் எஃகு அலகை ஈரத்தோடு மடக்கினால் துரு நிச்சயம். என்னைப் போன்ற மறதிக்காரர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்கலாம். பிரிட்டனில் ஒப்பினல் எண் 8 போலப் பூட்டுள்ள கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். கிளாசிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.