பதினோரு பேர், நான்கு பழைய ஊர்கள்: தென் பிரான்சில் கோடைக்கு எங்கே வீடு எடுப்பது?

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் தொடங்கிய பேச்சு இது. பாரிஸ் புறநகரில் நாங்கள் நால்வர். லண்டனில் அண்ணன் குடும்பம் நால்வர். புதுச்சேரியிலிருந்து அக்கா, மாமா, அம்மா. கடைக்குட்டிக்கு ஆறு வயது, அம்மாவுக்கு எழுபத்திரண்டு. ஒரு வாரம், ஒரே வீடு, சுற்றிலும் கோட்டையும் மதிலுமாக இடைக்கால ஊர்கள் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எந்த ஊரில் தங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அண்ணன் கார்க்கசோன் என்றார். என் மனைவி அவிஞ்ஞோன். நான் அல்பி. அண்ணி சார்லா.

இந்த நான்கு ஊர்களுக்கும் நாங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் போயிருக்கிறோம். நாலு பேராகப் போனபோது எதிலும் குறை தெரியவில்லை. பதினோரு பேர் என்றதும் கணக்கே மாறிவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பதில்லை, ஒரே வேகத்தில் படியேறுவதில்லை, ஒரே மேசையில் உட்காரச் சின்ன உணவகங்களில் இடமும் இருப்பதில்லை. அதனால் ஊரின் அழகை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டேன். காலையில் இரண்டு மூன்று குழுக்களாகப் பிரிந்து போய்விட்டு, பொழுது சாயும்போது ஒருவர்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இல்லாமல் திரும்பி வர எந்த ஊர் தோதுப்படும்?

ஊருக்கு முன்னால் தேதி. நம் குடும்பங்களில் ‘கோடை விடுமுறை’ என்ற ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. புதுச்சேரியில் அது மே மாதம். பிரான்சில் ஜூலை தொடங்கி ஆகஸ்ட் முடிய. லண்டன் பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கவே ஜூலை மூன்றாம் வாரத்துக்கு மேல் ஆகிவிடும். பிரான்சும் லண்டனும் பொருந்துவது ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும்தான். பிரான்சிலேயே வெயிலும் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் நிற்கும் வாரங்கள் அவை. கீழே சொல்வதெல்லாம் அந்த வாரங்களை மனத்தில் வைத்துச் சொல்வது. ஜூன் முதல் பாதியிலோ செப்டம்பரிலோ போக முடிகிறவர்களுக்கு என் வரிசை அப்படியே தலைகீழாகலாம்.

கார்க்கசோனில் தொடங்குகிறேன். பிள்ளைகள் மனத்தில் ‘கோட்டை’ என்று எது இருக்கிறதோ அது இங்கே அச்சு அசலாக நிற்கிறது. இரட்டை மதில், 52 கோபுரங்கள், கூம்புக் கூரைகள். 1209இல் கத்தார் (Cathar) என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எதிரான சிலுவைப்போரில் விழுந்த நகரம் இது. பாழடைந்து, இடித்துத் தள்ளப்பட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டதை 1853 முதல் வியோலே-லெ-டுக் என்ற கட்டடக் கலைஞர் மீட்டெடுத்தார். வடக்குப் பகுதிகளில் போடுகிற கருங்கற்பலகைக் கூரையைத் தெற்கில் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று அவர்மேல் இன்றுவரை குறை உண்டு. பின்னாளில் சில கோபுரங்களுக்கு ஓட்டுக்கூரை போட்டிருக்கிறார்கள். ஒரே மதிலில் இரண்டு வகைக் கூரைகளையும் காட்டி இந்தக் கதையைச் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நின்று கேட்கும்.

கோட்டைக்குள் நுழையக் கட்டணமில்லை. உள்ளேயிருக்கிற பிரபுவின் அரண்மனைக்கும் மதில்மேல் நடப்பதற்கும்தான் சீட்டு. அதிலும் பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம். நான்கு பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இரண்டு மதில்களுக்கும் நடுவே அகலமான மண்பாதை ஓடுகிறது. ஆறு மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் வடிந்த பிறகு அதில் நடந்தால், மூட்டுவலிக்காரர்களும் அதிகம் ஏறி இறங்காமல் கோட்டையைச் சுற்றி வரலாம். நடுப்பகலில் போகவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் இறுதியில் இந்த ஊரில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டியது.

அண்ணனிடம் நான் சொன்னது இதுதான்: கோட்டை ஒரு மாலையும் ஒரு காலையும் தாங்கும், ஒரு வாரம் தாங்காது. மலையுச்சியில் இருக்கிற கேரிபூஸ், பேர்பெர்துஸ் போன்ற கோட்டைகளுக்கு ஏறுவதென்றால் அம்மா வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நார்பொன் பக்கத்துக் கடற்கரை வண்டியில் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பது பெரிய ஆறுதல். ஊரை ஒட்டி ஓடும் மிதி (Midi) என்ற கால்வாய் 17ஆம் நூற்றாண்டில் பியேர்-போல் ரிக்கே வெட்டியது, 240 கிலோமீட்டர் நீளம். படகோட்டும் உரிமம் இல்லாமலே அதில் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம். ஆனால் கரையோரப் பிளாட்டான் மரங்களில் நோய் விழுந்து, 2006இலிருந்து ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். பழைய படங்களில் பார்க்கிற நிழல் பல இடங்களில் இப்போது இல்லை.

அவிஞ்ஞோன் என் மனைவியின் தேர்வு. அதற்கு அவள் சொன்ன காரணம் நேர்மையானது: ஒரு வாரம் முழுக்க நீ ஒருவனே வண்டியோட்டியாக இருக்க வேண்டியதில்லை. பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊருக்குள் இருக்கும் நிலையத்திலிருந்து ஆர்ல், நீம், ஒராஞ்ச் எல்லாமே உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்தை ஒட்டிய தொலைவு. பிரிந்து போய்ச் சேர்வதற்கு இதைவிட வசதியான ஊர் என் பட்டியலில் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

1309இல் ரோமை விட்டு இங்கே வந்த போப்பாண்டவர்கள் 1377 வரை இருந்தார்கள். அவர்கள் கட்டிய அரண்மனையின் பிரம்மாண்டம் முன்னால் நின்றால்தான் புரியும். உள்ளே பெரும்பாலும் வெற்றுக் கூடங்கள். சிறு பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிடும். பாதியில் அறுந்து நிற்கும் பெனெசே பாலத்தில் 22 வளைவுகள் இருந்தன, இன்று எஞ்சியவை நான்கு. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பாலத்துப் பாட்டு மனப்பாடம் என்பதால் எங்கள் சின்னவன் அதன்மேல் ஆடித் தீர்த்தான். அங்கிருந்து ரோன் ஆற்றின் அக்கரைத் தீவுக்கு இலவசப் படகு விடுகிறார்கள். அதுவே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

சிக்கல் ஜூலை. 1947இல் தொடங்கிய நாடக விழா அந்த மாதத்தை முழுதாக எடுத்துக்கொள்கிறது. சுவரெங்கும் சுவரொட்டி, தெருவெங்கும் நடிகர்கள். நாடகத்துக்காகப் போகிறவர்களுக்குச் சொர்க்கம். பதினோரு பேருக்குத் தங்க இடம் தேடுகிறவர்களுக்கு, மதிலுக்குள் வீடு கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் வாடகை கேட்கவே வேண்டாம்.

சாப்பாட்டில் மட்டும் அவிஞ்ஞோனை மற்ற மூன்றாலும் நெருங்க முடியாது. எங்கள் அம்மா சுத்த சைவம். இந்தப் பக்கம் கத்தரிக்காய், தக்காளி, சுரைக்காய் வகைகள், கவாயோன் முலாம்பழம் என்று சந்தையே நம் காய்கறிக்கடை மாதிரி இருக்கும். ரத்தத்தூய் என்கிற காய்கறிக் கூட்டு எங்கேயும் கிடைக்கும். கார்க்கசோன் பக்கம் கசூலே என்று மண்சட்டியில் வரும் வெள்ளை மொச்சையைப் பார்த்து ஏமாறக் கூடாது, உள்ளே பன்றியும் வாத்தும் இருக்கும். சார்லாவில் இன்னும் கவனம் வேண்டும். அந்த ஊர்ப் பெயரிலேயே வரும் உருளைக்கிழங்கு வறுவலை வாத்துக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். தட்டில் கறித்துண்டு எதுவும் தெரியாது. கேட்காமல் வாங்கினால் தெரியாமலே சாப்பிட்டுவிடுவோம். சைவக்காரர்கள் ஒருவர் இருந்தாலும் நல்ல சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். நாங்கள் பாரிஸில் தமிழ்க்கடைகள் உள்ள லா ஷப்பேலில் பொன்னி அரிசி, பருப்பு, சாம்பார்ப்பொடி, பெருங்காயம் எல்லாம் வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டோம்.

அல்பியைப் பற்றி எனக்கு நடுநிலை வராது. 1282இல் தொடங்கிக் கட்டிய செந்நிறச் செங்கல் பேராலயம் வெளியே ஒரு கோட்டையைப் போல அச்சுறுத்தும். கத்தார்களை ஒடுக்கிய பிறகு திருச்சபை தன் பலத்தைக் காட்ட எழுப்பியது அது. உள்ளே காலெடுத்து வைத்தால் கூரை முழுக்க நீலமும் பொன்னுமாக ஓவியம். பக்கத்து ஆயர் மாளிகையில் இந்த ஊரில் பிறந்த ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கின் அருங்காட்சியகம். கோடையிலும் மூச்சுவிட இடமிருக்கும். 1222இல் உருவான கோர்ட்-சுர்-சியேல் அரை மணி நேரத்தில். குன்றுமேல் ஏற முடியாதவர்களுக்குக் குட்டி ரயில்வண்டி இருக்கிறது. ஆனாலும் அண்ணி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை: “தம்பி, பேராலயத்தைப் பார்த்துட்டு வந்த மறுநாள் பசங்க என்ன பண்ணுவாங்க?” என் தேர்வை அங்கேயே விட்டுக்கொடுத்தேன்.

கடைசியில் சார்லாவே வென்றது. தோர்தோஞ் ஆற்றை ஒட்டிய, கொஞ்சம் வடக்கே தள்ளிய பகுதி. தெற்கு என்று சொல்பவர்கள் மத்தியதரைக் கடலை எதிர்பார்த்து வரக் கூடாது. ரயில் வசதி குறைவு, வண்டி இல்லாமல் அசைய முடியாது. இவ்வளவு குறைகளோடும் அது முந்தியதற்குக் காரணம் அந்த ஆற்றுநீர்தான்.

ஆற்றின் ஒரு கரையில் பெனாக் கோட்டை, எதிர்க்கரையில் காஸ்தெல்னோ. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றது ஆங்கிலேயர் பக்கம். லண்டன் பிள்ளைகளும் பாரிஸ் பிள்ளைகளும் கட்சி கட்டிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? காஸ்தெல்னோவில் இடைக்காலப் போர்க்கருவிகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. கோடையில் கவண்பொறியில் கல்லெறிந்தும் காட்டுகிறார்கள். கொஞ்சம் தொலைவில் குன்றுமேல் தொம், 1281இல் உருவான மதில் நகரம். அதன் வாயிற்கோபுரத்தில் அடைபட்டிருந்த டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்கள் சுவரில் கீறிய சிலுவைகளை இன்றும் பார்க்கலாம்.

வெயில் தாங்காத நாளுக்கு லாஸ்கோ இருக்கிறது. 1940இல் கண்டெடுத்த, ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள குகை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடவே 1963இல் மூடிவிட்டார்கள். 2016இல் திறந்த முழுப் பிரதியைத்தான் நாம் பார்க்கிறோம். உள்ளே குளிர்ச்சி. சீட்டில் நேரம் குறித்திருக்கும், வாரக்கணக்கில் முன்னதாக வாங்கிவிடுங்கள். ரொக்கமதூர் என்ற யாத்திரைத் தலத்தில் 216 படிகள் ஏறித்தான் கறுப்பு மாதாவைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பயந்தார். மின்தூக்கி இருக்கிறது. சார்லாவிலேயே பழைய மரியாள் ஆலயத்தின் கோபுரத்துக்குள் கண்ணாடி மின்தூக்கி வைத்திருக்கிறார்கள். அம்மா அதில் ஏறி ஊரின் மஞ்சள் கல் கூரைகளை மேலிருந்து பார்த்தார்.

நான் வைத்த கேள்விக்குப் பதில் புதன்கிழமை கிடைத்தது. அண்ணனும் நானும் பெரிய பிள்ளைகளோடு துடுப்புப் படகுகளில் இறங்கினோம். நீச்சல் தெரியுமா என்று கேட்டுத்தான் ஏற்றுகிறார்கள். மற்றவர்கள் லா ரோக்-கஜாக்கில் கபார் என்கிற தட்டையடிப் படகில் ஏறினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரச் சுற்று. நடு ஆற்றில் எங்கள் படகுகள் அவர்கள் படகைக் கடந்தபோது, அம்மா எழுந்து நின்று முந்தானையை ஆட்டியதை என் மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரே ஆறு, ஒரே காலை, அவரவர் வேகம்.

இனி வீடும் வண்டியும். ஜூலை ஆகஸ்டில் கிராமத்து வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் வாடகைக்கு விடுகிறார்கள். நாடே அன்றுதான் சாலையில் இருக்கும். சார்லாவில் சனிக்கிழமை பெரிய சந்தை வேறு. வந்து இறங்கும் நாளில் ஊருக்குள் நுழையாமல் நேராக வீட்டுக்குப் போய்விடுங்கள், சந்தையைப் புதன்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்ந்தவையா என்று முதலிலேயே கேளுங்கள். நீச்சல்குளம் உள்ள வீட்டில் வேலி, மூடி, அபாயமணி போன்ற ஏதாவது ஒரு பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது பிரான்சில் சட்டம். ஆறு வயதுக் குழந்தை இருந்தால் வேலி உள்ளதாகத் தேடுங்கள்.

ஒன்பது பேர் வண்டியைச் சாதாரண கார் உரிமத்தோடே இங்கே ஓட்டலாம். நாங்கள் அதையும் ஒரு சிறிய காரையும் எடுத்தோம். பிரிந்து போவதற்கு இரண்டாவது வண்டி அவசியம். தானியங்கி கியர் வண்டி வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தும், வாடகை நிறுவனத்தில் கையில் கொடுத்தது கைக்கியர் வண்டி. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய அண்ணன் முதல் நாள் மிகவும் சிரமப்பட்டார். கியர் விஷயத்தை முந்தின வாரமே தொலைபேசியில் மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கார்க்கசோனை அண்ணன் விடவில்லை. சார்லாவிலிருந்து போவதற்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் வீட்டைக் காலிசெய்த பிறகு இரண்டு இரவுகள் அங்கே தங்கினோம், அதுவே போதுமானதாக இருந்தது. அவிஞ்ஞோனை அம்மாவுக்காக வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவரும் அக்காவும் மட்டும் செப்டம்பரில் வருவதாகச் சொல்கிறார்கள். அப்போது வண்டியே எடுக்கப் போவதில்லை.