மடக்குப் பல்லாங்குழிப் பலகை: பாட்டியும் பேத்தியும் ஆட ஏற்றதா?

கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைப்பவற்றில், பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடக் கீல் வைத்த மரப் பலகையைத் தாராளமாக வாங்கலாம். பக்கத்துக்கு ஏழாக 14 குழி. புத்தகம் போல மூடினால் காய்கள் உள்ளேயே தங்கும்.

முதலில் கீலைப் பாருங்கள். விரித்து வைத்தால் இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் படிய வேண்டும். திருகு கொஞ்சம் துருத்தினாலும் பலகை ஆடும், காய் பக்கத்துக் குழிக்கு உருளும், அப்புறம் கணக்கில் சண்டைதான். குழி இரண்டு அங்குல அகலமாவது இருக்கட்டும். சுவர் செங்குத்தாக இல்லாமல் கிண்ணம் போலச் சரிந்திருக்கட்டும். ஆட்டமே வழித்து வழித்துப் போடுவது. மூட்டு வலி உள்ள விரல் குறுகிய குழிக்குள் போகாது. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு உணவு மேசையே போதும். பலகைக்கு அடியில் துண்டு விரித்தால் வழுக்காது.

ஐந்தைந்தாக ஆட 70 காய், ஆறாறாக ஆட 84. கூட வரும் சோழிகளை எண்ணிப் பாருங்கள், உடைந்தவை கலந்திருக்கும். கரும்பழுப்புப் பாலிஷ் போட்ட பலகையில் புளியங்கொட்டை வேண்டாம், கண்புரை உள்ளவர்களுக்குத் தெரியாது. வெள்ளைச் சோழிதான் சரி. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் போடாதீர்கள், கடித்து விழுங்கினால் அது நஞ்சு. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் எந்தக் காயையும் தனியாக விடக் கூடாது, தொண்டையில் சிக்கும்.

விதி ஊருக்கு ஊர் மாறும். கடைசிக் காய் விழுந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வது பொது. அடுத்தது காலியாக இருந்தால், அதைத் துடைத்து அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுப்பார்கள். சில வீடுகளில் அதன் எதிர்க்குழியும் சேரும். குழியில் நாலு சேர்ந்தால் பசு, குழிக்காரருக்கு. பாட்டி எப்படி ஆடிப் பழகினாரோ அந்த விதியையே வையுங்கள். தமிழ் அதிகம் பேசாத பேத்திக்கும் ‘பசு!’ என்று கத்துவது ஒரே ஆட்டத்தில் வந்துவிடும். ஒவ்வொரு காயையும் வாய்விட்டு எண்ணிப் போட்டால் தமிழ் எண்களும் சேர்ந்தே வரும்.

மலேசியா, சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகள் பல்லாங்குழி போன்ற சொங்காக் ஆடியிருப்பார்கள். அதிலும் பக்கத்துக்கு ஏழு குழிதான். ஆனால் ஏழேழாக 98 காய், இரு முனையிலும் ‘வீடு’ என்ற பெரிய குழி. மடக்குப் பலகையில் வீடு கிடையாது. இரண்டு சின்னக் கிண்ணம் வைத்துச் சமாளிக்கலாம், காயும் கூடுதலாக வேண்டும். கானாவின் ஓவாரே என்ற குழி ஆட்டம் ஆட, பக்கத்துக்கு ஒரு குழியை விட்டுவிட்டு 48 காயை நான்கு நான்காகப் போட்டால் போதும். மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் படகு வடிவச் சொங்காக் பலகையையே வாங்குங்கள்: முனை வீடுகளை விட்டுவிட்டால் அதிலேயே பல்லாங்குழியும் ஆடலாம்.